பாலம் கட்டுகிறவர் படைத் தளபதி ஆக முடியுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகள் கோயம்புத்தூரில் சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். 2024ல் வயநாடு நிலச்சரிவின்போது ராணுவம் கட்டிய சூரல்மலைப் பாலத்தை டிவியில் பார்த்ததிலிருந்து ராணுவத்துக்குத்தான் போவேன் என்கிறாள். "பாலம் கட்டுறவங்க ரிட்டயர் ஆகிற வரைக்கும் பாலந்தான் கட்டணும், மேல வர முடியாது" என்கிறார் அவள் அப்பா. நிஜமா?
– வாசகி ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில் (ராணுவப் பொறியாளர் படையின் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவு முன்னாள் சுபேதார், வேலந்தாவளம்): நிஜமில்லை அம்மா. ஜெனரல் மனோஜ் பாண்டே 1982 டிசம்பரில் அதே படையின் இன்னொரு பிரிவான பம்பாய் சாப்பர்ஸில் சேர்ந்தவர். 2022 ஏப்ரல் 30 அன்று தரைப்படைத் தளபதி ஆனார். பொறியாளர் படையிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் அதிகாரி அவர்தான். அன்றைக்கு எங்களைப் போன்ற பழைய சாப்பர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் ஏறிய படிகளைப் பாருங்கள். 2001-02ல் பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்ரம் சமயத்தில், எல்லையில் 117ஆம் எண் பொறியாளர் ரெஜிமென்டுக்குத் தலைமை. அப்புறம் அதைவிடப் பெரிய ஒரு பொறியாளர் பிரிகேட். அதோடு நிற்காமல் காஷ்மீர் எல்லையில் காலாட்படை பிரிகேட், லடாக்கில் அதையும்விடப் பெரிய மலைப்படை டிவிஷன் என்று போனார். லெப்டினன்ட் கர்னல் வரை சர்வீஸ் கணக்கில் பதவி வந்துவிடும். கர்னலிலிருந்து தேர்வுக் குழுதான். அங்கே டிகிரியைவிட ஆட்களை நடத்திய விதம்தான் பேசும்.

சூரல்மலையில் நடந்ததும் அதுதான். அங்கே போட்டது பெய்லி பாலம், அதாவது தயார் இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டுவது. அதன் பேனல் ஒவ்வொன்றும் பத்தடி நீளம், தூக்க ஆறு பேர் வேண்டும். கொட்டும் மழையில், ராத்திரியில், தூங்காத ஆட்களை வைத்து 190 அடியைச் சேர்த்தார்கள் எங்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ். முன்னால் நின்ற மேஜர் சீதா ஷெல்கேயை நாடே பார்த்தது. அதிகாரி நனைந்துகொண்டு நின்றால் ஜவான் சலிக்கமாட்டான். நான் கண்ணால் கண்டது இது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பொறியாளர் படை போன்ற பிரிவுகளில் பெண்கள் கர்னலாகித் தலைமை ஏற்கத் தொடங்கியதே 2023ல்தான். மேலே உள்ள படிகளை உங்கள் மகள் வயதுப் பெண்கள்தான் ஏற வேண்டும்.

கடைசி வருஷம் படிக்கும்போதே குறுகிய காலப் பணிக்கான தொழில்நுட்பப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு கிடையாது. மார்க்கைப் பார்த்து எஸ்.எஸ்.பி. என்கிற அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், ஐந்து நாள். முதலில் பத்து வருஷப் பணி, தகுதியிருந்தால் பிறகு நிரந்தரம். எஸ்.எஸ்.பி.யில் பலகையும் கயிறும் கொடுத்து ஒரு குழுவையே தடை தாண்ட வைப்பார்கள். கல்லூரியில் என்.சி.சி. இருந்தால் இந்த வாரமே சேரச் சொல்லுங்கள். காலையில் ஓடவும் ஆரம்பிக்கட்டும்.