பாட்டு யார் காதில் ஒலிக்கிறது?

வணக்கம். டேனி பாயலின் 'டிரெயின்ஸ்பாட்டிங்' (1996) படத்தை அண்மையில் பார்த்தேன். நாயகன் ரென்டன் அளவுக்கு மீறி ஹெராயின் ஏற்றிக்கொண்டு சாகக் கிடக்கும் காட்சியில் லூ ரீடின் 'பெர்ஃபெக்ட் டே' என்ற இனிமையான பாட்டு ஒலிக்கிறது. இது போதைக்கு அழகு சேர்க்கும் வேலை இல்லையா? 'ரெக்வியம் ஃபார் எ டிரீம்' (2000) படத்தைப்போல இங்கும் அச்சமூட்டும் இசையை வைத்திருக்க வேண்டாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாட்டு இனிமையானதுதான். ஆனால் அது யாருக்கு இனிக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். ஊசி ஏறியதும் ரென்டன் சிவப்புக் கம்பளத்தோடு தரைக்குள் அமிழ்கிறான். அதன்பின் அவன் கண்வழியே நாம் காணும் எல்லாவற்றுக்கும் இருபுறமும் அந்தக் கம்பளமே சுவராக நிற்க, புதைகுழிக்குள் கிடப்பவன் மேலே பார்ப்பதுபோல நாமும் பார்க்கிறோம். போதைமருந்து கொடுத்தவனே அவனைத் தெருவுக்கு இழுத்துவந்து டாக்சியில் ஏற்றி அனுப்புகிறான். இத்தனை நடந்தும் பாட்டு பதறுவதில்லை, ஏனென்றால் உள்ளே ரென்டனுக்குப் பதற்றமில்லை. திகில் இசை ஒலித்திருந்தால் நாம் அவனுக்கு வெளியே, பத்திரமான தொலைவில் நின்று அஞ்சியிருப்போம். இப்போதோ அவன் சாவதைக் கண் காண்கிறது, காது அவனுடைய சுகத்தில் கிடக்கிறது. மருத்துவமனையில் ஊசி போட்டு அவனை உலுக்கி எழுப்பும்போதுதான் அந்த இதம் கலைகிறது.

உங்கள் குற்றச்சாட்டு பொருந்தும் இடம் படத்தின் தொடக்கம். எடின்பரோவின் பிரின்சஸ் தெருவில் திருடிய பொருளோடு ரென்டன் ஓடும்போது இகி பாப்பின் 'லஸ்ட் ஃபார் லைஃப்' முரசடி நம்மையும் உடன் ஓடவைக்கிறது. அந்த மயக்கு இல்லாமல் அவன் ஏன் இதில் விழுந்தான் என்பது விளங்காது என்றே நினைக்கிறேன். ஆயினும் படத்தைப் பிரிந்து இசைத்தட்டாக விற்கும்போது அந்தப் பாட்டில் மயக்கு மட்டுமே மிஞ்சுகிறது என்பதை மறுக்கமாட்டேன்.

'ரெக்வியம்' படத்துக்காக கிளின்ட் மான்செல் அமைத்து குரோனோஸ் குவார்டெட் என்ற நால்வர் நரம்பிசைக் குழு வாசித்த இசை வேறு இடத்தில் நிற்கிறது. போதைக்கு அடிமையாகும் நான்கு பாத்திரங்களின் முடிவும் அந்த இசைக்கு முன்கூட்டியே தெரியும். ஒரே சிறு இசைத்தொடர் திரும்பத் திரும்ப வந்து இறுகுவதால்தான் அது அச்சுறுத்துகிறது. ஆகவே அதை ரென்டனின் காட்சிக்கு மாற்றிப்போட முடியாது. இன்னும் கூர்மையான வேலை அந்தப் படத்தில் பின்னணி இசைக்கு வெளியே நடக்கிறது என்பேன். போதை ஏற்றும் ஒவ்வொரு முறையும் விரியும் கண்மணி போன்ற நெருக்கக் காட்சிகள் கூர்மையான ஒலிகளோடு நொடிக்கணக்கில் ஓடி முடிகின்றன. ஒலித்தொகுப்பே அங்கே தாளமாகிவிடுகிறது, பாட்டு ஒலிக்கும் அளவுக்குச் சுகம் நீடிப்பதில்லை. தாய் சாரா உடல் மெலிய மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை விழுங்கும்போதும் அதே வெட்டு வேகம்தான். மகனுடைய ஹெராயினுக்கும் அவளுடைய மாத்திரைக்கும் வசனம் சொல்லாத உறவை அந்தத் தாளம் சொல்லிவிடுகிறது.