ஆக்சிஜன் 91, ஆனால் மூச்சுத்திணறல் இல்லை: காத்திருக்கலாமா?

கொரோனா வந்து எட்டாவது நாள், சர்க்கரை நோயுள்ள 64 வயது அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆக்சிமீட்டர் மட்டும் 91 காட்டுகிறது, அவரோ "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இந்த நோயில் ஆக்சிஜன் இறங்கினாலும் சிலருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 24-க்கு மேல் போனால் நுரையீரல் சிரமப்படுகிறது என்று அர்த்தம். விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் 94-க்குக் கீழே என்றால் உடனே கிளம்பிவிடுங்கள். காய்ச்சல் விட்டதை நம்ப வேண்டாம், பலருக்கும் நிலைமை மோசமாவது இரண்டாவது வாரத் தொடக்கத்தில்தான்.

அப்புறம், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை வீட்டிலேயே கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் இந்த மருந்தைக் கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. சர்க்கரையையும் அது ஏற்றிவிடும், அதனால் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகளையும், குறித்துவைத்த ஆக்சிஜன் அளவுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.