விதி எல்லோருக்கும், முத்திரை உங்களுக்கு: வாசகர் கேள்விகள்

நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு ரோல்ப்ளே (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டு உருவாக்கினோம். விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் யாரும் எடுத்தாளலாம் என்று வெளியிட்டோம். இப்போது சிலர் பிழை மலிந்த துணைநூல்களை அச்சிட்டு, அட்டையில் எங்கள் முத்திரையையும் போடுகிறார்கள். தடுக்க வழியுண்டா? (வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

உண்டு. அந்த உரிமம் எழுத்துக்குத்தான். வணிகமுத்திரை அதில் சேராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் முத்திரையை நீக்கிவிட்டு, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு அதே விதிகளை அச்சிட்டால் நீங்கள் மறுக்க முடியாது. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் இயலாது.

முதலில் தென்னாப்பிரிக்காவில் வணிகமுத்திரைகளைப் பதியும் அரசு ஆணையமான சிஐபிசியில் முத்திரையைப் பதிவு செய்யுங்கள். அச்சு நூலுக்கு 16ஆம் வகுப்பு, பகடை, சீட்டு, பலகைக்கு 28, தரவிறக்கும் கோப்புக்கு 9. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தொடர்ந்து 5 ஆண்டு பயன்படுத்தாவிட்டால் நீக்கச் சொல்லி மற்றவர் மனுப்போடலாம். உங்கள் அனுமதியோடு பிறர் பயன்படுத்துவது உங்கள் பயன்பாடாகவே கொள்ளப்படும் (1993ஆம் ஆண்டு வணிகமுத்திரைச் சட்டம், 38ஆம் பிரிவு). அனுமதியை எழுத்தில் கொடுங்கள். வாட்ஸப்பில் 'சரி' என்று போட்டு விட்டுவிடாதீர்கள்.

அனுமதிப் பத்திரம் இரண்டு பக்கம் போதும், அதன் உயிர் தரச்சோதனையில் இருக்கிறது. 2000இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் விதி எழுத்துக்கு ஓஜிஎல் என்ற திறந்த விளையாட்டு உரிமம், தன் விதிமுறையின் டி20 முத்திரைக்குத் தனி உரிமம் என்று பிரித்தது நல்ல ஏற்பாடு. ஆனால் அச்சுக்கு முன் யாரும் நூலைப் பார்க்கவில்லை. தேறாத நூல்களும் அதே முத்திரையோடு கடைக்கு வந்தன. 2003இல் சேர்த்த தர நிபந்தனையோ ஆபாசம், வன்முறை போன்றவற்றைப் பற்றியது. விதிகளில் உள்ள தவறான அட்டவணையை அது பிடிக்காது. 2008இல் அந்த முத்திரை உரிமமே திரும்பப் பெறப்பட்டது, முத்திரையிட்ட இருப்பைப் பதிப்பாளர்கள் கெடுவுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டியதாயிற்று.

ஆகவே, விதிநூலின் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று அட்டையில் இருக்க வேண்டும். எழுதியவர் இல்லாத ஒரு குழு முழுதும் ஆடிப் பார்த்திருக்க வேண்டும். அச்சுக்கு முன் பிடிஎஃப், பிறகு ஒரு மாதிரிப் பிரதி உங்களிடம் வர வேண்டும். 15 வேலை நாளில் பதில் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் பதில் வராததை அனுமதியாகக் கொள்ளலாம் என்று மட்டும் எழுதாதீர்கள்; பலர் சறுக்குவது இங்கேதான். பிழை கண்டால் திருத்த 30 நாள், திருத்தாவிட்டால் முத்திரை ரத்து, மீந்த பிரதிகளை விற்க ஒரு கெடு: இம்மூன்றையும் இப்போதே எழுதிவிடுங்கள். எழுதிய சோதனையைச் செய்யாமல் விடுவது இன்னும் கேடு. முத்திரையை நம்பி வாங்குகிறவர் ஏமாறும் நிலை வந்தால் பதிவே ஆட்டங்காணும்.

முத்திரை போடாமல், 'இன்ன விளையாட்டோடு ஆடலாம்' என்று மட்டும் அட்டையில் எழுதலாமா? (வாசகர், பீனிக்ஸ், டர்பன்)

பொருள் எதற்குப் பயன்படும் என்று நியாயமாகக் குறிப்பதைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உங்கள் தலைப்புக்குக் கீழே, சாதாரண எழுத்தில், சிறிதாக எழுதுங்கள். அந்த விளையாட்டை வெளியிட்டவர்களின் எழுத்து வடிவமும் நிறமும் வேண்டாம். ஓஜிஎல் 1.0ஏ வழியே எடுத்த பகுதி நூலில் இருந்தால் கதை வேறு: தனி ஒப்பந்தமில்லாமல் பிறர் முத்திரையைச் சொல்லி 'பொருந்தும்' என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்பது அதன் 7ஆம் நிபந்தனை.

துனி சீட்டாட்டத்துக்குச் செயலி செய்கிறோம். அந்தப் பெயரைப் பதிவு செய்யலாமா? (வாசகர், டோங்காட்)

டர்பன் வீடுகளெல்லாம் ஆடும் ஆட்டத்தின் பொதுப்பெயர் அது, ஒருவருக்கு மட்டும் கிடைக்காது. செயலிக்கென ஒரு தனிப்பெயர் வைத்து அதைப் பதியுங்கள்.