சிறையில் இருப்பவர் தொலைக்கல்வியில் பட்டம் படித்து முடிக்க முடியுமா? வெளியே வந்தபின் அதனால் பயன் உண்டா?

முடியும். என் அண்ணா முடித்தார். மூன்று வருடப் பட்டத்துக்கு ஏழு வருடம் பிடித்தது. எதற்காக உள்ளே போனார் என்று கேட்கத் தோன்றும். அதை விடுங்கள், கேள்வி படிப்பைப் பற்றியது.

விதிகளில் பெரிய தடை ஒன்றும் இல்லை. கொழும்பு மகசின் சிறையில் க.பொ.த. என்கிற பள்ளிப் பொதுப் பரீட்சைக்கு நிலையமே வைக்கிறார்கள். உயர்தரம் சித்தியடையாதவர்கள் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே போகலாம். 1980 இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது, நமக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலேயே பிராந்திய நிலையம் இருக்கிறது. இந்தியாவில் இன்னும் ஒரு படி மேலே. திகார் சிறைக்குள் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994 இலேயே படிப்பு மையம் திறந்துவிட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் உள்ளே இருந்த பேரறிவாளன் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சிறையிலிருந்தபடி எம்.சி.ஏ. வரை படித்தார். யாழ்ப்பாணத்தாருக்கும் இது புதுமை இல்லை. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வருவதற்கு முன், எங்கள் அம்மப்பா காலத்து வாத்திமார் பலர் கடல் கடந்து போகாமலே 'பீ.ஏ. லண்டன்' என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். வெளிவாரியாக எழுதியதுதான்.

சரி, சிக்கல் எங்கே என்றால், கேற்றில். பாடக்குறிப்பு யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றர் போவது லேசு. இரவு பஸ் ஏறினால் விடிய இறங்கலாம். சிறை வாசலிலிருந்து அண்ணாவின் கைக்குப் போகிற ஐம்பது மீற்றர்தான் பெரிய தூரம்.

முதல் தடவை நான் குறிப்புகளைப் போட்டோக்கொப்பி எடுத்து, அழகாகச் சுருள் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். காவலர் புரட்டிப் பார்த்தார். "மல்லி, இது கம்பி" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. குறடு ஒன்றை எடுத்து, என் கண் முன்னாலேயே ஒவ்வொரு புத்தகமாகக் கம்பியை உருவி எடுத்தார். கோபமாகச் செய்யவில்லை, பலாக்கொட்டை உரிக்கிற மாதிரி ஆறுதலாகச் செய்தார். இருநூற்றுச் சொச்சம் தாள் மேசையில் கிடந்தது. மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது. நானும் அவருமாகப் பொறுக்கினோம். பக்க எண் தமிழ் இலக்கத்தில் இருக்குமாக்கும் என்று நினைத்து அவர் தாள்களை என்னிடம் தந்தார், எண்ணே போட மறந்திருந்தேன் நான். அண்ணா ஒரு கிழமை வரிசைப்படுத்தியதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மா சாக்குத் தைக்கிற ஊசியால் நூல் போட்டுத் தைத்துத் தருவார்.

அடுத்தது பாடம். அண்ணாவுக்குப் புவியியலில்தான் ஆசை. பதிந்தும் விட்டோம். இடவிளக்கப் படம் இல்லாமல் புவியியல் ஏது? படம் என்றால் தெரு, ஆறு, ரயில் பாதை எல்லாம் போட்ட வரைபடம். அதை ஒரு கைதிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நின்றால் என்ன சொல்வார்கள்? நான் அந்த இடத்தில் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். இந்து நாகரிகத்துக்கு மாற்றினோம், ஒரு வருடக் கட்டணம் போனது. பதியும் முன் ஒவ்வொரு பாடத்துக்கும் என்னென்ன பொருள் உள்ளே போக வேண்டும் என்று பாருங்கள். செய்முறை, கள வேலை, கணினி உள்ள பாடங்களை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

பிறகு அடையாள அட்டை. பரீட்சை மண்டபத்தில் அது வேண்டும். அண்ணாவினுடையது வழக்குச் சான்றுப் பொருட்களோடு நீதிமன்றத்தில் கிடந்தது. சிறை நலன்புரி உத்தியோகத்தர் படத்தோடு ஒரு கடிதம் தந்தார், அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த மனிதர் இல்லையென்றால் பட்டமே இல்லை. யாராவது உள்ளே படிக்க ஆசைப்பட்டால் முதலில் தேட வேண்டியது பல்கலைக்கழகத்தை இல்லை, அந்தச் சிறையின் நலன்புரி உத்தியோகத்தரை.

விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியும்வரை காவலில், இருப்பவருக்கு இன்னொரு தலையிடி. வழக்குத் தவணை பரீட்சை நாளில் வந்து விழும். நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும், பரீட்சை போய்விடும். இரண்டு தடவை அப்படிப் போனது. ஒரு முறை ஒப்படை முழுக்க எழுதி முடித்த கிழமையில் வேறு சிறைக்கு மாற்றினார்கள். கொப்பிகள் பின்னால் வரும் என்றார்கள். வரவே இல்லை. அன்றிலிருந்து எதையும் இரண்டு பிரதி எழுதுவார், ஒன்றை நான் வீட்டுக்குக் கொண்டு வருவேன்.

நாற்பது பேர் படுக்கிற இடத்தில் நூறு பேர். இரவெல்லாம் லைற் எரியும் என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான் குறைவு. இரண்டு மணிக்கு மேல் கழிப்பறைச் சுவரோரம் மட்டும் காலியாக இருக்குமாம். மணம் தாங்காமல் அங்கே யாரும் படுப்பதில்லை. சைவ சித்தாந்தத்தை அங்கே இருந்துதான் படித்தேன் என்று இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

மண்டேலா 1943 இல் தொடங்கிய சட்டப் படிப்பை 1989 இல்தான், சிறைக் காவலில் இருந்தபடி, தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தபால்வழிக் கல்வியில் முடித்தார். நடுவே, ஒளித்து எழுதிய தன் வரலாறு பிடிபட்டதற்குத் தண்டனையாக நான்கு வருடம் படிப்பையே நிறுத்தி வைத்தார்கள். ஐ.நா. 2015 இல் அவர் பெயரிலேயே கைதிகளுக்கான விதிகளைக் கொண்டு வந்தது, அதில் 104 ஆவது விதி கல்வி பற்றியது. ஆனாலும் வாசலில் நிற்கிற காவலருக்குப் படிப்பு இன்னும் ஒரு சலுகைதான். சலுகை என்றால் எந்த நேரமும் பறிக்கலாம். அதனால் அண்ணா அங்கே வாயைக் கொடுக்கவே இல்லை. எனக்கு அது அப்போது கோழைத்தனமாகப் பட்டது.

பயனுக்கு வருகிறேன். சான்றிதழில் எங்கே இருந்து படித்தார் என்று ஒரு வரியும் இல்லை. ஆனால் பட்டதாரி நியமனத்துக்கு வயது தாண்டிவிட்டது. தனியார் இடங்களில் 'இந்தப் பத்து வருடம் என்ன செய்தீர்கள்' என்ற கேள்வியோடு நேர்முகம் முடிந்தது. கடைசியில் சோறு போட்டது சிங்களம். உள்ளே கூட இருந்தவர்களிடம் பேசிப் பேசிப் பிடித்துக்கொண்டது, பிறகு எழுதவும் பழகிவிட்டார். இப்போது டவுனில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் இருக்கிறார். சிங்களத்தில் வருகிற கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, காணிக் கடதாசி எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும்.

அப்படியென்றால் பட்டம் வீணா? அண்ணாவைக் கேட்டால், உள்ளே இருக்கும்போதே அதன் பலன் கிடைத்துவிட்டது என்பார். படிக்கிற ஆள் என்று தெரிந்ததும் மனு எழுதித் தரச் சொல்லி வந்தார்கள், 'சேர்' என்று கூப்பிட்டார்கள், சண்டைகளில் அவரை இழுக்கவில்லை. வழக்குத் தவணையை எண்ணிக்கொண்டிருந்தவர் பரீட்சை மாதத்தை எண்ணத் தொடங்கினார். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தெரியாது.

நீங்கள் யாருக்காவது குறிப்பு அனுப்பப் போகிறீர்கள் என்றால், தாள்களுக்குப் பக்க எண் போடுங்கள். தைக்கும்போது இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுத் தையுங்கள். அம்மா முதல் புத்தகத்தை எழுத்தோடு சேர்த்து இறுக்கித் தைத்துவிட்டார். அந்தப் பாடம் முழுவதும் அண்ணா ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் ஊகித்துத்தான் படித்தார்.