எதிர்க்காற்றுதான் நம் மேடு: பழைய ரேஸ் சைக்கிளுக்குப் பின்பற்சக்கரம்

மாமா 1980-களில் பிரான்சிலிருந்து கொண்டுவந்த ரேஸ் சைக்கிள். பின்னால் ஐந்து பற்சக்கரங்கள், 14 முதல் 28 பல் வரை. முன்னால் 52, 42. எல்லாம் தேய்ந்துவிட்டன. 32 பல் வரை உள்ளதாகப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (கீழக்கரை)

வேண்டாம். அது மலையேறுகிறவர்களுக்கானது; பழைய கியர் மாற்றிகள் பலவற்றுக்கு 32 பல் எட்டவும் எட்டாது. நம் கடற்கரையில் மேடு என்று சொல்லப் பாம்பன் சாலைப் பாலத்தின் முதுகு ஒன்றுதான் இருக்கிறது. இங்கே காலை வாங்குவது காற்று. ஆடியில் ராமேஸ்வரத்திலிருந்து மேற்கே திரும்பும்போது கச்சான், மார்கழியில் தொண்டிப் பக்கம் போகும்போது வாடை. மேடு ஒரே சீராக இருக்கும். காற்று நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும். அதற்கு கியர்ப் படிகள், அதாவது அடுத்தடுத்த பற்சக்கரங்களின் பல் வித்தியாசம், நெருக்கமாக இருக்க வேண்டும்.

உங்கள் அடுக்கில் 14-க்கு அடுத்தது பெரும்பாலும் 17. முன்னால் 52-இல் வைத்து மாற்றினால், பெடலின் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் 7.8 மீட்டரிலிருந்து 6.4 மீட்டராக விழும். ஒன்றில் கால் கனக்கும், மற்றதில் வீணாகச் சுழலும். 14, 16, 18, 21, 24 என்ற அடுக்கைத் தேடுங்கள். முதல் படியிலேயே 6.8 மீட்டர் கிடைக்கும். பாலத்துக்கு 42-ம் 24-ம் தாராளம்.

பிரெஞ்சு சைக்கிள் என்பதால், வாங்குமுன் ஹப்பின் (பின்சக்கரத்தின் நடுக்குடம்) மரையை அளந்துவிடுங்கள். பிரெஞ்சு மரையின் விட்டம் 34.7 மி.மீ.; பரவலாகக் கிடைக்கும் ஃப்ரீவீல்களுக்கு (ஹப்பில் திருகும் பின்பற்சக்கர அடுக்கு) 34.9 மி.மீ., அங்குலத்துக்கு 24 புரி. பின்னதை பிரெஞ்சு ஹப்பில் திருகினால் தளர்வாக ஏறிக்கொள்ளும். அழுத்தி மிதித்ததும் மரை உரிந்து, ஹப்பே பாழாகிவிடும்.

பழைய ஃப்ரீவீல் இறுகிவிட்டது. கம்பிகளை வெட்டிச் சக்கரத்தைப் பிரிக்கலாம் என்கிறார் மெக்கானிக். (தேவிபட்டினம்)

தயவுசெய்து வெட்ட விடாதீர்கள். ஒருமுறை நானும் அவசரப்பட்டு வெட்டச் சம்மதித்தேன். அந்த ஹப்பிலிருந்து ஃப்ரீவீல் கடைசிவரை கழலவே இல்லை. ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்கியிருக்கிறது, கூடவே உப்புத் துரு. அதை எதிர்த்துத் திருப்ப முழுச் சக்கரமும் கைப்பிடியாக வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வையுங்கள். ஃப்ரீவீலின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் கழற்றியை அச்சு நட்டால் பிடித்துவைத்து, அதை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடி) கடித்து, சக்கரத்தை இடமாகத் திருப்புங்கள். இளகியதும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும்.

புதுச் சங்கிலி மாற்றினேன். மிதிக்கும்போது வழுக்குகிறது. (தொண்டி)

சங்கிலியில் குறை இல்லை, பற்கள் தேய்ந்துவிட்டன. ஃப்ரீவீலையும் மாற்றுங்கள்.

இப்போதைய ஒன்பது கியர் கேசட் ஏறுமா? (மண்டபம்)

கேசட் என்பது ஹப்பில் திருகாமல் செருகும் பற்சக்கர அடுக்கு; அதற்கென்று தனிச் சக்கரம் வேண்டும். இரும்புச் சட்டம் என்றால் வழி உண்டு. ஆறு கியர் காலத்துச் சட்டத்தில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி பெரும்பாலும் 126 மி.மீ.; கேசட் சக்கரத்துக்கு 130 வேண்டும். அந்த நான்கு மி.மீட்டரை இரும்பு தாங்கும், அலுமினியத்தை விரிக்கவே கூடாது. ஐந்து கியர் சட்டம் 120 மி.மீ.தான் என்றால் ஃப்ரீவீலிலேயே நில்லுங்கள், செலவும் குறைவு. திருகுமுன் மரை முழுக்க கிரீஸ் தடவிவிடுங்கள். உப்புக் காற்று வருடம் முழுக்க வீசும் ஊரில் அடுத்த முறை அதைக் கழற்ற அந்த கிரீஸ்தான் உதவும்.