பழைய வீட்டுச் சாமான்: எதை விற்பது, எதை விடுவது (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். உம்மாவின் பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். உள்ளே இருப்பதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட மனம் வரவில்லை. இன்ஸ்டாகிராமில் ஒரு பித்தளைச் சருவத்துக்கு ஆறாயிரம் விலை போட்டிருக்கிறார்கள். எங்களிடம் சருவங்கள், இரண்டு செம்புச் சஹன்கள் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு), ஒரு சிங்கர் தையல் மிஷின், ஒரு வால்வு ரேடியோ, கண்ணாடி அலமாரியில் சங்கு, சிப்பி, பவளப்பாறைத் துண்டுகள், ஒரு பெட்டி நிறைய அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கிதாபுகள் இருக்கின்றன. இவை போனபின் ஏர்வாடி, ராமேஸ்வரம் பக்கம் வீடுகளில் வாங்கி விற்கவும் எண்ணம். எங்கே தொடங்குவது? புளி போட்டுத் துலக்கிப் படம் எடுத்தால் விலை ஏறுமா? சிங்கரை வெளிநாட்டில் லட்சங்களுக்குக் கேட்கிறார்களாமே, உண்மையா?

ம., கீழக்கரை

அன்புள்ள ம.,

விற்கக்கூடாததிலிருந்து தொடங்குகிறேன். லாபம் அதற்கு அப்புறம்.

கண்ணாடி அலமாரியில் இருக்கும் பவளப்பாறைத் துண்டுகளைப் படம்கூட எடுத்துப் போடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பாறைப் பவளங்களை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. விற்றால் மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை. கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை ஓடு விற்பதும் இதே சட்டத்தில் குற்றம்தான். ‘நாற்பது வருஷமாக வீட்டில் கிடக்கிறது’ என்பது விற்பதற்கு அனுமதி ஆகாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அதன் கரையிலேயே உட்கார்ந்துகொண்டு பவளம் விற்பனைக்கு என்று போட்டால் வனத்துறை தேடிவர அதிக நேரம் ஆகாது. சிப்பிகளிலும் சில இனங்கள் அட்டவணையில் உண்டு. இனம் பிரித்து அறியத் தெரியாதவர் சிப்பி வியாபாரத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சாதாரணப் பால்சங்கு வேறு விஷயம். ஆனால் யாராவது உங்களிடம் வலம்புரி என்று கொண்டுவந்தால் வாயின் உள்ளே நடுத்தண்டைப் பாருங்கள். நம் கடல் சங்கில் அந்தத் தண்டில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் ஓடும். அமெரிக்கக் கடலில் ஒரு நத்தை இனம் இயல்பிலேயே வலம்புரியைப் போலத்தான் சுழலும், அங்கே அது அரிதும் அல்ல. அதில் இந்த மடிப்பு இருக்காது. சந்தையில் வலம்புரி என்ற பெயரில் சுற்றுவதில் பெரும்பகுதி அதுதான்.

அடுத்தது கிதாபுப் பெட்டி. அச்சிட்டதையும் கையால் எழுதியதையும் தனித்தனியாகப் பிரியுங்கள். கல்லச்சில் (கல்லில் எழுதி அதிலிருந்து எடுக்கும் அச்சு) அடித்த புத்தகம் பார்வைக்குக் கையெழுத்துப் போலவே இருக்கும், அவசரப்படாதீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கையால் எழுதியதில் மை தேங்கிய இடம் கருமையாகவும், எழுதுகோல் வறண்ட இடம் வெளுத்தும் தெரியும். கல்லச்சில் மை ஒரே சீராக இருக்கும். கையெழுத்துப் பிரதி 75 ஆண்டு கடந்து, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்பும் உள்ளதானால் அது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. மற்றப் பொருள்களுக்கு வரம்பு 100 ஆண்டு. இவற்றை வியாபாரமாக விற்க இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்பவே முடியாது. கையெழுத்துக் கிதாபுகளை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரிடமோ பல்கலைக்கழகத் துறை ஒன்றிலோ காட்டுவதுதான் அதற்கு முறை. அட்டையைப் பிரித்து ஒட்டுவது, டேப் போடுவது, வெயிலில் காயவைப்பது மூன்றும் வேண்டாம்.

இனி பித்தளை. புளி போட்டால் விலை ஏறுமா என்ற கேள்விக்குப் பதில்: இறங்கும். பழம்பொருள் வாங்குகிறவர் பணம் கொடுப்பது அந்தப் பழுப்பு நிறத்துக்கு. பளபளப்பு வேண்டுமென்றால் அவர் புதிதே வாங்கிக்கொள்வார். அதோடு புளியிலோ எலுமிச்சையிலோ இரவு முழுக்க ஊறப்போட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மேலே நின்றுவிடும். ஆங்காங்கே இளஞ்சிவப்புத் திட்டு விழுந்த பாத்திரத்தைப் பார்த்ததுமே அனுபவசாலி விலையைக் குறைப்பார். சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், உடனே துணியால் ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்துவது, இவ்வளவே போதும்.

நம் கடற்கரையில் மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. உப்புக்காற்று. செம்பிலும் வெண்கலத்திலும் கெட்டியாக, வழவழப்பாகப் படிந்திருக்கும் கரும்பச்சைக் களிம்பால் கெடுதல் இல்லை. வெளிர்பச்சையாக, விரலில் மாவுபோல் ஒட்டி, துடைத்த சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி பூப்பது வேறு. உலோகத்துக்குள் இறங்கிய குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே அரித்துக்கொண்டே போகிறது என்று பொருள். வெளியே மட்டும் தேய்த்து விற்றால் வாங்கியவர் வீட்டில் அது மீண்டும் பூக்கும், பாத்திரம் உங்களிடமே திரும்பி வரும். மாவை உலர்ந்த பிரஷால் எடுத்துவிட்டு, பேட்டரிக் கடையில் விற்கும் வடிநீரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றி, ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள். குழாய்த் தண்ணீர் ஆகாது, இந்தப் பக்கத்து நீரில் உப்பு அதிகம். நன்றாக உலர்த்தி, நிறமில்லாத மெழுகைப் பட்டும் படாமல் பூசி, மூடியிறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். மறுபடி பூத்தால் அதை விற்பனைக்குப் போடாதீர்கள், எடைக்குப் போடுங்கள்.

சருவத்தின் விளிம்பிலோ அடியிலோ புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். சில வியாபாரிகள் அதைத் தேய்த்து அழித்துவிடுவார்கள். அது முட்டாள்தனம். பெயரும், சிலவற்றில் இருக்கும் வருஷமும்தான் அந்தப் பாத்திரத்துக்குச் சாட்சி. வீட்டார் சம்மதித்தால் அந்த வெட்டைத் தனிப்படமாகவே போடுங்கள். சம்மதம் இல்லையென்றால் அந்தப் பாத்திரத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

விலை போடுவது எப்படி? இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்த ஆறாயிரம் கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்க்கலாம். உள்நாட்டுப் பக்கங்களில் விற்றாயிற்று என்று குறித்த பதிவுகளை மட்டும் சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள். பித்தளைக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது, அதன் எடை. பழைய பித்தளையைக் கடைக்காரர் கிலோ 500 ரூபாய்க்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 4 கிலோச் சருவம் எந்த நாளும் 2,000 ரூபாய். அதை 2,200க்கு வாங்கினால் உங்கள் உச்சபட்ச நஷ்டம் 200தான். 4,200க்கு விற்று, பெட்டிக்கும் பேக்கிங்குக்கும் 180, கூரியருக்கு 450 போனால் 1,370 நிற்கும். பத்தில் ஒன்று திரும்பி வரும் என்று எடுத்துக்கொண்டு, இருவழிக் கூரியர் 900ஐப் பத்தாகப் பிரித்துக் கழியுங்கள். 1,280. இந்தக் கழிவைப் போடாதவர்கள்தான் ‘வியாபாரம் நடக்கிறது, கையில் காசு நிற்கவில்லை’ என்று புலம்புவது. மரத்துக்கும் பீங்கானுக்கும் இப்படி அடிவிலை கிடையாது. ஆகவே முதல் சில மாதம் பித்தளை, செம்பு மட்டும் வாங்குங்கள்.

சஹனுக்குச் செலவுக் கணக்கு வேறு மாதிரி. தனியார் கூரியர்கள் பெரும்பாலும் நிஜ எடை, பெட்டி அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கம். 60 சென்டிமீட்டர் சஹனுக்கு 65க்கு 65க்கு 15 பெட்டி என்றால் 12.7 கிலோ. சஹனோ மூன்று நான்கு கிலோதான் இருக்கும். இரண்டையும் நடுவில் நுரைத்தாள் வைத்து ஒரே பெட்டியில் ஜோடியாக விற்றால் அந்தச் செலவு பாதியாகும். உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் ‘அலங்காரத்துக்கு மட்டும், சாப்பிட வெள்ளீயம் பூச வேண்டும்’ என்று எழுதியே ஆகவேண்டும். சஹனை வாங்கிப் பிரியாணி பரிமாறும் ஆசை பலருக்கு உண்டு.

சிங்கர் கதைக்கு வருவோம். 2009இல் சவூதியில் பழைய சிங்கர் மிஷினின் ஊசிக்குள் சிவப்புப் பாதரசம் என்ற அதிசயப் பொருள் இருக்கிறது, செல்போனை அருகில் கொண்டுபோனால் லைன் துண்டிக்கும் என்று ஒரு புரளி கிளம்பி, விலை கண்டபடி ஏறியது. வளைகுடா நாடுகளில் ஆள் இல்லாத வீடு கீழக்கரையில் ஏது? அந்த லட்சம் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். ஊசிக்குள் இருப்பது எஃகு. கோபுரக் கலசம், அரிசியை இழுக்கும் இரிடியம் என்று போனில் விசாரிப்பவர்களும் இதே கூட்டம்தான். பழைய நாணயத்துக்கு லட்சம் தருவதாக ரிசர்வ் வங்கி பெயரில் வரும் விளம்பரமும் மோசடி. 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. இவர்கள் யாருடைய போனையும் இரண்டாம் முறை எடுக்காதீர்கள்.

மிஷினின் உண்மையான மதிப்பு அதன் எண்ணில் தொடங்குகிறது. அடிமேடையில் ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கும். ஆங்கில ‘E’யில் தொடங்கும் இரட்டை எழுத்து என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. எண்ணை வைத்து ஆண்டு சொல்லும் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. சக்கரம் இறுகியிருந்தால் பலவந்தமாகச் சுற்றாதீர்கள். எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி, அழுக்கைத் துடைத்து, பிறகு மிஷின் எண்ணெய் விடுங்கள். பெரும்பாலும் அது இறுகியதற்குக் காரணமே யாரோ விட்ட தேங்காய் எண்ணெய்தான். காய்ந்து பிசினாகிவிடும். கறுப்பு மேனியையும் தங்கப் பூவேலையையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் மேல்பூச்சு கரைந்து வெளுக்கும். உலர்ந்த துணியில் மிஷின் எண்ணெய் போதும். அனுப்பும்போது பின்பக்கக் கீல் திருகு இரண்டையும் தளர்த்தித் தலையைத் தனியே எடுங்கள். ஊசியைக் கழற்றி, ஷட்டிலையும் பாபினையும் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். தலை மட்டுமே பத்துப் பன்னிரண்டு கிலோ வரும். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் சக்கரம் உடைந்துதான் போய்ச்சேரும். இரும்பு ஸ்டாண்டைக் கூரியரில் அனுப்பாதீர்கள், லாரி பார்சல்தான்.

ரேடியோவை நேராகப் பிளக்கில் மாட்டிப் பார்க்க வேண்டாம். காகிதக் கன்டென்சர்கள் இத்தனை வருஷத்தில் கசிந்திருக்கும். நூறு வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு மெக்கானிக் ஒருவர் சோதிக்கட்டும். பல்ப் பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும் பழைய மாடல்களில் உள்ளிரும்புச் சட்டத்திலேயே கரன்ட் இருக்கும், பின்மூடியைத் திறந்து கைவைத்தால் ஷாக். ‘சோதிக்கவில்லை, பாடுமா என்று உத்தரவாதம் இல்லை’ என்று போட்டாலும் விற்கும். தபால் நிலையம் கொடுத்த பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் எங்காவது கிடைத்தால் அதோடு சேர்த்து விடுங்கள்.

வெளியே வாங்கப் போகும்போது ராமேஸ்வரம் பக்கம் கப்பல் சாமான் என்று பித்தளைத் தொலைநோக்கி, திசைகாட்டி காட்டுவார்கள். ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அந்தப் பெயரில் கம்பெனி உருவானது 1947இல். தனுஷ்கோடி ஸ்டேஷன் விளக்கு என்று ரயில்வே முத்திரையோடு வருவதற்கு ரயில்வே ஏல ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத ரயில்வே பொருளைக் கையில் வைத்திருப்பதற்கே 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குப் போடலாம். வீட்டில் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் தேதி, எடை, விலை, படம், கொடுத்தவர் பெயரும் கையெழுத்தும், அடையாள அட்டை நகலும் எடுத்து வையுங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் யாராவது வந்தால் இந்தத் தாள்தான் பேசும். உங்கள் உம்மா வீட்டுச் சாமானுக்கும் மாமாமார், சின்னம்மாமார் எல்லோரிடமும் ஒரு வார்த்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரி: சொந்த வீட்டுச் சாமானை ஒருமுறை விற்பது வியாபாரம் அல்ல. வாங்கி விற்கத் தொடங்கியபின், தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு ஒரு சருவம் அனுப்பினாலும் பதிவு வேண்டும். பதிவு செய்தால் பழைய பொருளுக்கு முழு விலையில் வரி இல்லை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் மட்டும்தான். அதற்கும் மேலே சொன்ன கொள்முதல் தாள் வேண்டும்.

படம் எடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் வாசல் நிழலில், ஃபில்டர் இல்லாமல், தராசில் வைத்து எண் தெரிய ஒன்று, ஸ்கேல் வைத்து ஒன்று, ஒவ்வொரு நெளிவுக்கும் ஓட்டைக்கும் ஒன்று. பணம் வாங்கும்போது, ‘ராணுவத்தில் இருக்கிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் நம் கணக்குக்கு வர பின் நம்பர் போடத் தேவையே இல்லை.

முதலில் சருவங்களை மட்டும் போடுங்கள். அக்டோபரில் மழை பிடித்தால் டிசம்பர் வரை அட்டைப்பெட்டி ஈரம் குடிக்கும். அந்த மாதங்களில் பொருளை முதலில் பாலித்தீனில் சிலிக்கா ஜெல்லோடு ஒட்டி மூடி, அதன்மேல்தான் அட்டை. செய்தித்தாளை நேராகப் பித்தளைமேல் சுற்றாதீர்கள், ஈரம் பட்டால் எழுத்து அப்படியே பதிந்துவிடும்.