வாசகரை 'நீங்கள்' என்று நேரே அழைத்து எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். ஆனால் எவ்வளவு பக்கத்தில் நின்று பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் 'நீங்கள்' போட்டாலும் வாசகருக்குத் தன்னைக் கூப்பிட்டதாகவே படாது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. கூப்பிடும்போது பெயர் என்ன ஆகும் என்பதுதான் அதன் பேச்சு. நம்பி 'நம்பீ' ஆகும், நங்கை 'நங்காய்' ஆகும், மக்கள் 'மக்காள்' ஆகும். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். கடற்கரைத் தலைவனான சேர்ப்பனைக் கூப்பிட்டால் 'சேர்ப்பா'. அவனே அருகில் நின்றால் 'சேர்ப்ப' போதும். தொலைவில் இருப்பவரை அழைத்தால் ஓசை அளவு கடந்து நீளும் என்றும் ஒரு நூற்பா உண்டு. சங்கப் பாடலில் தோழி தலைவனை 'ஊர', 'நாட' என்று குறுக்கி அழைப்பதைப் படிக்கும்போது, இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது அந்த ஓர் எழுத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இதை நான் பட்டுத்தான் புரிந்துகொண்டேன். நெருங்கிய நண்பனின் அப்பா இறந்தபோது, "தங்கள் தந்தையார் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த துயருற்றேன்" என்று கடிதம் எழுதினேன். தினமும் வாடா போடா என்று பேசுகிறவன் அவன். பல மாதம் கழித்து, "உன் கடிதம் யாரோ எழுதின மாதிரி இருந்ததுடா" என்றான். மரியாதை என்று நினைத்து அவனைத் தூரத்தில் நிறுத்தியிருக்கிறேன். "அப்பாவை நினைச்சுட்டே இருக்கேன்டா" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அது இன்னும் உறுத்துகிறது.

சரி, கட்டுரைக்கு வருவோம். 'நீங்கள்' அடிக்கடி வேண்டாம். 'பார்த்திருப்பீர்கள்' என்றாலே யாரிடம் பேசுகிறோம் என்று வினைமுற்று சொல்லிவிடும். 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் மட்டும் கவனமாகப் பிரியுங்கள். 'நாம்' வாசகரையும் உள்ளே இழுக்கும், 'நாங்கள்' வெளியே விடும். மன்னிப்புக் கேட்கும்போது 'நாம் தவறு செய்துவிட்டோம்' என்று எழுதினால், பாதிக்கப்பட்டவர் தலையிலும் அந்தத் தவறு ஏறிவிடும்!

அப்புறம், பலருக்காக எழுதினாலும் எனக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக்கொள்வேன். முடித்ததும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வாய்விட்டுப் படிப்பேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வரி வந்தால் அங்கேயே நிறுத்தி மாற்றிவிடுவேன்.